லூயி பாஸ்டர்: வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தந்தவரின் வாழ்வும், எதிர்ப்பொருள் பற்றி நாம் அறிய வேண்டியவையும்

திருவெறும்பூர் வட்டாரத்தில் நாய் கடித்து ஆழமான காயம் ஏற்பட்ட ஒருவர், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ சென்றால், அவருக்கு இரண்டு வகை ஊசிகள் போடப்படும். ஒன்று, காயத்தின் உள்ளும் அதைச் சுற்றியும் செலுத்தப்படும் இம்யூனோகுளோபுலின். மற்றொன்று, கையின் மேற்பகுதியில் போடப்படும் தடுப்பூசி. இரண்டையும் ஒரே இடத்தில் போட்டால் என்ன, ஒரே நாளில் சிகிச்சையை முடித்துவிட்டால் என்ன, முதல் மருந்தைச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால் என்ன என்று உடன் வருவோர் கேட்பதுண்டு.

இக்கேள்விகள் அனைத்துக்கும் ஒரே அடிப்படையில் விடை கூறலாம். தடுப்பூசி என்பது உருவம் கெடாமல் உடலைச் சென்றடைய வேண்டிய மென்மையான புரதம். எதிர்ப்பொருள் அதனால் விளையும் பயன். ஆயினும் அதே எதிர்ப்பொருள் தவறான இடத்தில், தவறான அளவில் வந்து சேர்ந்தால் தடுப்பூசியின் வேலையைக் குறைத்துவிடும். இந்த அறிவு ஒரே நாளில் கிடைத்ததன்று. இதன் தொடக்கம் லூயி பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிவியலாளரின் வாழ்க்கையில் உள்ளது.

இளமையும் கல்வியும்

பாஸ்டர் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் பிரான்சின் டோல் நகரில் பிறந்தார். தந்தை தோல் பதனிடும் தொழிலாளி; நெப்போலியனின் படையில் பணியாற்றியவர். குடும்பம் ஆர்புவா என்னும் சிற்றூரில் குடியேறியது. 1831-இல் அவ்வட்டாரத்தில் வெறிபிடித்த ஓநாய் ஒன்று பலரைக் கடித்தது. அக்காலத்தில் இதற்கு இருந்த ஒரே சிகிச்சை, கொல்லன் உலையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தைச் சுடுவதே. கடிபட்டோரில் பலர் பின்னர் நீரைக் கண்டால் அஞ்சும் நிலையடைந்து இறந்தனர். சிறுவன் பாஸ்டருக்கு அப்போது வயது 8.

பள்ளியில் அவர் நடுத்தர மாணவராகவே இருந்தார். ஓவியம் நன்றாக வரைந்தார். பின்னர் பாரிசில் வேதியியல் பயின்று, 1848-இல் டார்டாரிக் அமில உப்பின் படிகங்கள் கண்ணாடியில் தெரியும் பிம்பங்களைப் போல இடம்வலமாக மாறிய இரு வடிவங்களில் இருப்பதைக் கண்டறிந்தார். ஒரே பொருள் வடிவம் மாறினால் அதன் இயல்பும் மாறும் என்னும் இவ்வுண்மை, இன்று புரதங்களைப் பற்றிப் பேசும்போதும் அடிப்படையாக உள்ளது. 1849-இல் மரி லோரானை மணந்தார். கணவரின் சொற்களை எழுதியெடுப்பது, கணக்குகளைக் காப்பது, இரவில் உடனிருப்பது என அவருடைய ஆய்வுப் பணியில் மரி இறுதிவரை பங்கேற்றார்.

பாஸ்டர் மருத்துவர் அல்லர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். லீல் நகரில் பேராசிரியராக இருந்தபோது நொதித்தலை ஆராய்ந்தார். மது புளிப்பதற்கும் பால் கெடுவதற்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே காரணம் என்று நிறுவினார். மிதமாகச் சூடேற்றி அவற்றை அழிக்கும் முறை இன்றும் பால் பைகளில் அவர் பெயராலேயே குறிக்கப்படுகிறது.

துயரமும் நோயும்

அவருக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளில் மூவர் சிறு வயதிலேயே இறந்தனர். அவர்களில் இருவரைக் கொண்டுபோனது டைபாய்டு காய்ச்சல். 1868-ஆம் ஆண்டு அக்டோபரில், தமது 45-ஆம் வயதில், பாஸ்டருக்குப் பக்கவாதம் ஏற்பட்டது. இடக்கையும் இடக்காலும் செயலிழந்தன. ஓரளவு தேறினாலும் முழுமையாகக் குணமடையவில்லை. அதன் பின் அவர் செய்த நுண்மையான சோதனைகள் பலவற்றை உதவியாளர்களே செய்து கொடுத்தனர். உலகம் இன்று நினைவில் கொண்டிருக்கும் அவருடைய தடுப்பூசிகள் அனைத்தும் இந்தப் பக்கவாதத்துக்குப் பிறகு உருவானவையே. நீண்ட நோயுடன் வாழ்வோரும் அவர்களைப் பேணுவோரும் கருதத்தக்க செய்தி இது.

வலிமை குன்றிய கிருமி

கோழிகளைத் தாக்கும் காலரா நோயை ஆராய்ந்தபோது, 1880-ஆம் ஆண்டையொட்டி, பாஸ்டரின் குழுவினர் ஒன்றைக் கவனித்தனர். நீண்ட நாள் காற்றில் வைத்த கிருமிக் கரைசல் கோழிகளைக் கொல்லவில்லை. அக்கோழிகளுக்குப் பின்னர் புதிய, வீரியமுள்ள கிருமியைச் செலுத்தியபோதும் அவை பிழைத்தன. கிருமி வலிமை இழந்தாலும், உடலுக்குத் தன்னை அடையாளம் காட்டும் தன்மையை இழக்கவில்லை.

1881-ஆம் ஆண்டு மே மாதத்தில் பூயி-லெ-ஃபோர் என்னும் ஊரின் பண்ணையில், ஆடுமாடுகளுக்கு அடைப்பான் எனப்படும் ஆந்த்ராக்ஸ் நோய்க்கான தடுப்பூசியைப் பொதுமக்கள் முன்னிலையில் போட்டுக் காட்டினார். பின்னர் எல்லா விலங்குகளுக்கும் வீரியமுள்ள கிருமி செலுத்தப்பட்டது. தடுப்பூசி பெற்ற ஆடுகள் பிழைத்து நின்றன; பெறாத ஆடுகள் இறந்தன.

உடல் ஏன் இவ்வாறு காக்கப்படுகிறது என்பதற்குப் பாஸ்டர் முதலில் கூறிய விளக்கம் பிழையானது. கிருமிக்கு வேண்டிய உணவு உடலில் தீர்ந்துபோவதால் அது மறுபடி வளர்வதில்லை என்று அவர் கருதினார். எதிர்ப்பொருள் என்ற ஒன்று இருப்பது அப்போது யாருக்கும் தெரியாது.

ரேபிஸ்: காணமுடியாத கிருமியுடன் போராட்டம்

1880-இல் தொடங்கிய ரேபிஸ் ஆய்வில், அதுவரை கைகொடுத்த முறை எதுவும் பயன்படவில்லை. கிருமியைக் கரைசலில் வளர்க்க இயலவில்லை. நுண்ணோக்கியில் காணவும் இயலவில்லை. அது வைரஸ் என்பதே காரணம். உயிருள்ள திசுவில் மட்டுமே அது பெருகும். எனவே பாஸ்டரும் அவருடைய உடனுழைப்பாளர் எமில் ரூவும் முயலின் உடலையே வளர்ப்புக் கலமாகக் கொண்டனர். நோயுற்ற முயலின் தண்டுவடத்தை வெளியே எடுத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டாஷ் இடப்பட்ட கண்ணாடிக் குடுவையில் தொங்கவிட்டு உலர்த்தினர். நாள்கள் செல்லச் செல்ல அதன் வீரியம் குறைந்தது. இரு வாரம் உலர்ந்த தண்டுவடம் நோயை உண்டாக்கவே இல்லை.

இன்றைய மருத்துவம் தடுப்பூசியின் நிலைப்புத்தன்மையைக் கண்ணும் கருத்துமாகக் காக்கிறது. பாஸ்டரோ கிருமி நிலையழிந்து போவதையே கருவியாக்கினார். முழுவதும் வலுவிழந்ததை முதலில் செலுத்தி, நாள்தோறும் சற்றே புதியதைச் செலுத்தி, இறுதியில் வீரியமுள்ளதைச் செலுத்துவது அவருடைய முறை. கடிபட்டபின் ரேபிஸ் வைரஸ் நரம்பின் வழியே மெல்ல ஊர்ந்து மூளையை அடையப் பெரும்பாலும் வாரங்கள் ஆகும். அந்த இடைவெளிக்குள் உடலைத் தயார் செய்துவிடலாம் என்பதே அவருடைய நம்பிக்கை.

1885: இரு சிறுவர்களும் ஒரு சிறுமியும்

1885-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் அல்சாஸ் பகுதியில் ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனை வெறிநாய் பல இடங்களில் கடித்தது. தாய் அவனைப் பாரிசுக்கு அழைத்து வந்தார். ஜூலை 6-ஆம் நாள் மாலை முதல் ஊசி போடப்பட்டது. பாஸ்டர் மருத்துவர் அல்லர் என்பதால் மருத்துவர் கிராஞ்சே ஊசி போட்டார். ஜூலை 16 வரை மொத்தம் 13 ஊசிகள். சிறுவனுக்கு நோய் வரவில்லை. வளர்ந்தபின் பாஸ்டர் நிறுவனத்திலேயே வாயிற்காவலராகப் பணியாற்றி, 1940 வரை வாழ்ந்தார்.

பாஸ்டரின் ஆய்வுக் குறிப்பேடுகளைப் பிற்காலத்தில் படித்த வரலாற்றாசிரியர்கள், மைஸ்டருக்குப் பயன்படுத்திய அதே வரிசைமுறையை நாய்களில் சோதிக்கும் பணி அப்போது முடிந்திருக்கவில்லை என்று சுட்டிக்காட்டியுள்ளனர். இன்று ஒரு தடுப்பூசி மனிதருக்கு வருமுன் கடக்க வேண்டிய படிகள் பல. அவை ஏன் தேவை என்பதற்கு இந்நிகழ்வும் ஒரு சான்று.

அக்டோபரில் ஜான்-பாப்டிஸ்ட் ஜுப்பீல் என்ற ஆட்டிடையச் சிறுவன், மற்றச் சிறுவர்களைக் காக்க வெறிநாயுடன் போராடிக் கடிபட்டு வந்தான். அவனும் பிழைத்தான். நவம்பர் 9-ஆம் நாள் லூயிஸ் பெல்லட்டியே என்ற 10 வயதுச் சிறுமி கொண்டுவரப்பட்டாள். தலையில் ஆழமான கடி. கடிபட்டு 37 நாள்கள் கடந்துவிட்டன. காலம் மிகத் தாழ்ந்துவிட்டது என்பதைப் பாஸ்டர் உணர்ந்திருந்தார். தோல்வி நேர்ந்தால் புதிய சிகிச்சையின் பெயர் கெடும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆயினும் பெற்றோரின் வேண்டுகோளை மறுக்க மனம் வரவில்லை. டிசம்பர் 3-ஆம் நாள் அச்சிறுமி இறந்தாள்.

அடுத்த ஆண்டு ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் பகுதியிலிருந்து ஓநாய்க்கடி பட்ட 19 பேர் வந்தனர். 16 பேர் பிழைத்தனர், மூவர் இறந்தனர். தலையிலும் முகத்திலும் ஏற்படும் ஆழமான கடிகளில் வைரஸ் மூளையை விரைவில் அடைந்துவிடுகிறது. தடுப்பூசி வேலை செய்யத் தொடங்குமுன் நோய் முந்திக்கொள்கிறது. இந்த இடைவெளியை எவ்வாறு நிரப்புவது என்பதே அடுத்த தலைமுறைக்கு எஞ்சிய கேள்வி.

இறுதி ஆண்டுகள்

பல நாட்டு மக்கள் அளித்த நன்கொடையால் பாரிசில் பாஸ்டர் நிறுவனம் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் திறக்கப்பட்டது. அப்போது பாஸ்டரின் உடல்நிலை மிகவும் நலிந்திருந்தது. தமது உரையை அவரால் படிக்க இயலாமல் மகன் படித்தார்.

1889-இல் ருமேனியாவைச் சேர்ந்த விக்டர் பேபெஷ் முதலியோர், ரேபிஸ் தடுப்பூசி பெற்ற விலங்கின் குருதி மற்றொரு விலங்குக்கும் பாதுகாப்பளிக்கும் என்று காட்டினர். 1890-இல் பெர்லினில் எமில் பேரிங்கும் ஷிபாசபுரோ கிட்டசாட்டோவும் இரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஆகிய நோய்களில் இதை நிறுவினர். குருதியின் நீர்ப்பகுதியான சீரத்தில் இருந்த அந்தக் காப்புப் பொருளே ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள். 1894-இல் ரூ, குதிரைகளின் சீரத்தைக் கொண்டு தொண்டை அடைப்பான் நோயால் வாடிய குழந்தைகளைக் காப்பாற்றினார்.

பாஸ்டர் 1895-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் பாரிசுக்கு அருகில் காலமானார். அந்நாளே இன்று உலக ரேபிஸ் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

தமிழகத்துக்கு வந்த வழி

இந்தியாவில் முதல் பாஸ்டர் நிறுவனம் 1900-இல் இமயமலையின் கசௌலியில் தொடங்கப்பட்டது. திருச்சிராப்பள்ளியில் கடிபட்ட ஒருவர் ஈராயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்தால்தான் சிகிச்சை. 1902-இல் தென்னிந்தியாவில் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் ரேபிஸால் இறந்தது, இங்கேயே ஒரு நிறுவனம் வேண்டும் என்ற கோரிக்கையை வலுப்படுத்தியது. நீலகிரி மாவட்டம் குன்னூரில் 1907-இல் தென்னிந்திய பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் பின் திருவெறும்பூரிலிருந்து ஈரோடு வழியாக மேட்டுப்பாளையம் சென்று, மலை ரயிலில் குன்னூரை அடைவது இயல்வதாயிற்று.

1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள், ஆட்டு மூளையில் வளர்த்த வைரஸைப் பினாலால் செயலிழக்கச் செய்து ஒரு தடுப்பூசியை உருவாக்கினார். வயிற்றில் 14 ஊசிகள் என்று நம் பெரியோர் அச்சத்துடன் நினைவுகூர்வது இதையே. அது பல உயிர்களைக் காத்தது. ஆனால் அதில் வைரஸுடன் மூளைத் திசுவும் கலந்திருந்தது. சிலருடைய உடல் அத்திசுவுக்கு எதிராகவும் கிளர்ந்தெழுந்து சொந்த நரம்புகளையே தாக்கியதால் பக்கவாதம் நேர்ந்தது. 2005-ஆம் ஆண்டையொட்டி இந்தியாவில் அது கைவிடப்பட்டது. இன்று அரசு மருத்துவமனைகளில் போடப்படுவது, செல் வளர்ப்பு முறையில் உருவாக்கித் தூய்மைப்படுத்திய தடுப்பூசி. அதில் மூளைத் திசு இல்லை; வயிற்றிலும் போடப்படுவதில்லை.

எதிர்ப்பொருளும் தடுப்பூசிப் புரதமும்

ரேபிஸ் வைரஸின் மேற்பரப்பில் முட்கள் போன்ற புரதங்கள் மூன்று மூன்றாகச் சேர்ந்து நிற்கின்றன. வைரஸ் நரம்புச் செல்லுக்குள் நுழைவது இவற்றைக் கொண்டே. தடுப்பூசியில் உள்ள வைரஸ் உயிரற்றது, நோயை உண்டாக்காது. ஆனால் அதன் முட்புரதம் உருவம் கெடாமல் இருந்தால்தான் உடல் அதை அடையாளம் கண்டு, உண்மையான வைரஸைத் தடுக்கவல்ல எதிர்ப்பொருளை உருவாக்கும். வெப்பத்தில் புரதம் உருக்குலைகிறது. வெந்த முட்டையின் வெண்கரு மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பாதது போல, கெட்ட தடுப்பூசியைக் குளிர்வித்துச் சரிசெய்ய இயலாது.

முதல் ஊசிக்குப் பின் உடல் போதிய எதிர்ப்பொருளை உருவாக்க 7 முதல் 14 நாள்கள் ஆகின்றன. பெல்லட்டியேயின் காலத்தில் நிரப்ப இயலாதிருந்த இடைவெளி இதுவே. இம்யூனோகுளோபுலின் என்பது வேறொரு மனிதரிடமிருந்தோ குதிரையிடமிருந்தோ பெறப்பட்ட ஆயத்த எதிர்ப்பொருள். அது காயத்திலேயே வைரஸைப் பற்றிச் செயலிழக்கச் செய்கிறது. 1954-இல் ஈரானில் ஒரே ஓநாய் 29 பேரைக் கடித்தபோது இதன் பயன் தெளிவாயிற்று. தலையில் கடிபட்டோருள் தடுப்பூசி மட்டும் பெற்ற 5 பேரில் மூவர் இறந்தனர். சீரமும் தடுப்பூசியும் பெற்ற 13 பேரில் இறந்தவர் ஒருவரே.

ஆனால் எதிர்ப்பொருளுக்கு நோய்க் கிருமி எது, தடுப்பூசி எது என்று பிரித்தறியத் தெரியாது. முட்புரதம் எங்கிருந்தாலும் அதைப் பற்றிக்கொள்ளும். இரண்டும் ஒரே இடத்தில் செலுத்தப்பட்டாலோ, இம்யூனோகுளோபுலின் அளவுக்கு மீறினாலோ, தடுப்பூசியின் புரதம் மூடப்பட்டு, உடல் அதைச் சரியாக அடையாளம் காண இயலாமல் போகும். அவ்வாறானால் உடல் தானே உருவாக்க வேண்டிய நிலையான பாதுகாப்பு குன்றும். தனி இடம், எடைக்கேற்ற அளவு, குறித்த காலம் என்னும் மூன்று விதிகளும் இதனால் வந்தவையே.

இதனினும் நுட்பமான சிக்கல்கள் வேறு வைரஸ்களில் ஆராயப்பட்டு வருகின்றன. எச்.ஐ.வி. தடுப்பூசிக்காக வடிவமைத்த மூன்றுறுப்புப் புரதத்தை விலங்குகளுக்குச் செலுத்தியபோது, முதல் தவணைகளால் உருவான சில எதிர்ப்பொருள்கள் அப்புரதத்தின் அடிப்பகுதியைப் பற்றி மூன்று உறுப்புகளையும் பிரித்துவிடுவது கண்டறியப்பட்டது. எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி இன்னும் கிடைக்காததற்கு உள்ள பல தடைகளில் இதுவும் ஒன்று. இச்செய்தியால் ரேபிஸ் தடுப்பூசி குறித்து அச்சம் கொள்ள வேண்டியதில்லை. ரேபிஸில் ஒவ்வொரு தவணையும் முந்தைய தவணையின் பயனை வலுப்படுத்துகிறது.

நோயாளிகளும் பேணுவோரும் கடைப்பிடிக்க வேண்டியவை

• கடிபட்ட உடனே காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதையும் வைக்கக் கூடாது.

• அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நாய்க்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு போகலாம் எனக் காத்திருக்கக் கூடாது. சில நாள்கள் கடந்துவிட்டாலும் செல்லத் தயங்க வேண்டாம்.

• இரத்தம் கசியும் காயத்துக்கு இம்யூனோகுளோபுலினும் தேவை. அது முதல் தடுப்பூசியுடன் அதே நாளில் தரப்பட வேண்டும். கிடைக்கத் தாமதமானால், முதல் தடுப்பூசி போட்ட 7 நாள்களுக்குள் பெறலாம். அதன் பின் உடல் தன் எதிர்ப்பொருளை உருவாக்கத் தொடங்கிவிடுவதால் அது தரப்படுவதில்லை.

• அதன் அளவு உடல் எடையைப் பொறுத்தது. காயங்கள் பல இருந்தால் மருத்துவர் அளவைக் கூட்டாமல், உப்புநீரில் நீர்த்து எல்லாக் காயங்களுக்கும் செலுத்துவார். கூடுதலாகக் கேட்டு வற்புறுத்த வேண்டாம்.

• தோலினுள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களிலும், தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 ஆகிய நாள்களிலும் தடுப்பூசி போடப்படும். முதல் ஊசி போடும் நாளே 0. காயம் ஆறிவிட்டது என்று நிறுத்திவிடக் கூடாது.

• முன்பே முழுத் தவணையும் பெற்றவர் மீண்டும் கடிபட்டால், 0, 3 ஆகிய இரு நாள்களில் மட்டும் தடுப்பூசி போதும்; இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. உடலில் எதிர்ப்பொருளின் நினைவு முன்பே இருப்பதே காரணம். எனவே பழைய சிகிச்சைச் சீட்டைப் பாதுகாத்து வையுங்கள்.

• தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியசில் இருக்க வேண்டும். வெளியில் வாங்கி எடுத்துச்செல்ல நேர்ந்தால் பனிக்கட்டிப் பெட்டியில் மட்டுமே கொண்டுசெல்ல வேண்டும். கரைத்த குப்பியைக் குளிர்நிலையிலேயே வைத்து 6 முதல் 8 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதால், தோலினுள் போடும் ஊசிக்குக் குறித்த நேரத்தில் வருமாறு பணியாளர்கள் கேட்கக்கூடும்.

• ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், எச்.ஐ.வி. உள்ளோர் அதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். அவர்களுடைய உடல் எதிர்ப்பொருளைக் குறைவாக உருவாக்கக்கூடும் என்பதால் சிகிச்சை அதற்கேற்ப அமையும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கைக்குழந்தைகள் அனைவருக்கும் இச்சிகிச்சை பாதுகாப்பானது.

ரேபிஸ் நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. அறிகுறி தோன்றுமுன் முறையாகச் சிகிச்சை பெற்றால் நோயைத் தடுத்துவிடலாம். பாரிசில் ஒரே ஆய்வுக்கூடத்தில் கிடைத்த இச்சிகிச்சை இன்று அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. ஐயங்களுக்கு 104 என்ற எண்ணையும், அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணையும் அழைக்கலாம்.